இல்லாத பணத்துக்கு வட்டி: 'சராசரி மாத இருப்பு' என்ற அளவை பற்றி

சித்தப்பாவின் பாஸ்புக்கில் இந்த பிப்ரவரியில் ஒரே தேதியில் ஏழு வரிகள். முதல் வரி வரவு. கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம், 160 மூட்டைக்கு 1,60,000 ரூபாய். இந்தப் பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு ஆயிரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மீதி ஆறு வரியும் பற்று. ஒன்று 258.88. மற்ற ஐந்தும் தலா 354.

"ஏன்டா, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்க, இது என்னன்னு பாரு" என்று பாஸ்புக்கை என்னிடம் கொடுத்தார். பாபநாசம் பக்கம் மூன்று ஏக்கர் சாகுபடி செய்பவர். கணக்கு ஒரு தனியார் வங்கியில். பெயர் வேண்டாம், ஏனென்றால் இந்தக் கட்டுரை அந்த ஒரு வங்கியைப் பற்றியது இல்லை.

பாஸ்புக்கைப் பின்னால் புரட்டினால் போன மே மாதத்திலிருந்து இன்னும் நாலு பற்று வரிகள்: 283.20, 303.25, 324.72, 88.83. அத்தோடு இருப்பு பூஜ்யம். அப்புறம் பிப்ரவரி வரை எந்த வரியும் இல்லை. பத்து வரிகளையும் கூட்டினால் 3,028.88 ரூபாய். நெல்லாகச் சொன்னால் மூன்று மூட்டை.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஆர்வம். எண்கள் ஏறுகின்றன, திடீரென 88.83க்கு விழுகின்றன, அப்புறம் 354 என்று ஒரே எண்ணில் நிற்கின்றன. இப்படி ஒரு வரிசையைப் பார்த்தால் இதற்குப் பின்னால் என்ன சூத்திரம் ஓடுகிறது என்று தேடாமல் இருக்க முடியாது. தேடினேன்.

ஒன்பது அபராதங்கள், பத்து வரிகள்

வங்கியின் இணையதளத்தில் சேவைக் கட்டண அட்டவணை இருக்கிறது. அதில் அந்தக் கிளைக்கான விதி: சராசரி மாத இருப்பு 5,000 ரூபாய் இருக்க வேண்டும். குறைந்தால், குறைகிற தொகையில் 6 சதவீதம் அபராதம். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

சராசரி மாத இருப்பு என்றால், ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகையை எல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பது. ஒரு நாள் மட்டும் 1,50,000 ரூபாய் இருந்து, மீதி 29 நாள் காலியாகக் கிடந்தாலும் அந்த மாதச் சராசரி 5,000 வந்துவிடும்.

சித்தப்பா சென்ற வருட நெல் பணத்தில் நகையை மீட்டு, உரக்கடை பாக்கி, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் கொடுத்த பிறகு, கணக்கில் 1,000 ரூபாய் விட்டுவைத்திருந்தார். பி.எம். கிசான் பணம் அவருக்கு வேறு கணக்கில் ஏறுகிறது. ஆக, இந்தக் கணக்கில் வேறு நடமாட்டமே கிடையாது. மார்ச்சில் குறைந்தது, அறிவிப்பு போயிருக்கிறது, மே முதல் அபராதம்.

குறைவு 4,000. அதில் 6 சதவீதம் 240. ஜி.எஸ்.டி. 43.20. மொத்தம் 283.20. முதல் வரி வந்துவிட்டது. இப்போது இருப்பு 716.80. அடுத்த மாதம் குறைவு 4,283.20 ஆகிவிடுகிறது, அபராதம் 303.25. அதற்கடுத்து 324.72. அதாவது, போன மாத அபராதம் இந்த மாத இருப்பைக் குறைக்கிறது. குறைந்த இருப்பு இந்த மாத அபராதத்தைக் கூட்டுகிறது. நாலாவது மாதம் வர வேண்டியது 347.71. கணக்கில் இருந்ததோ 88.83. அதை எடுத்துக்கொண்டு மீதி 258.88ஐ நிலுவையில் வைத்துவிட்டார்கள். அதன்பின் இருப்பு பூஜ்யம், குறைவு முழு 5,000, மாதம் 300 அபராதம், வரியோடு 354. ஜனவரி வரை ஐந்து மாதம். நெல் பணம் ஏறியதும் நிலுவை மொத்தமும் ஒரே நாளில் கழிந்தது.

பத்து வரி புரோகிராம் எழுதி ஓட்டினேன். பைசா சுத்தமாகப் பொருந்தியது. ஆக, வங்கி தப்பாகக் கணக்குப் போடவில்லை. அறிவித்த விதியைத்தான் அப்படியே செய்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. விதியை மீறியிருந்தால் ஒரு புகாரோடு விஷயம் முடிந்திருக்கும். விதியே சரியில்லை என்றால் விதியைத்தான் வாசிக்க வேண்டும்.

ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று

இந்த அபராதத்தை ஆள்வது ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20ஆம் தேதி வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை. சுருக்கமாக அதன் அம்சங்கள்: இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், கடிதம் ஏதாவது ஒன்றில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைகிற தொகைக்கு விகிதமாக இருக்க வேண்டும். சேவை வழங்க ஆகும் சராசரிச் செலவுக்குப் பொருந்தாத அளவில் கட்டணம் இருக்கக் கூடாது. இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பு, 2014 ஏப்ரல் 1 அன்று, ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது வந்த பணக்கொள்கை அறிக்கையில் இதே விஷயம் வேறு மாதிரி இருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் வங்கிகள் அபராதம் போட வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்தக் கணக்குக்குக் கிடைக்கும் வசதிகளை அடிப்படைச் சேமிப்புக் கணக்கின் அளவுக்குக் குறைத்துக்கொள்ளட்டும், இருப்பு திரும்ப ஏறியதும் வசதிகளையும் திரும்பக் கொடுக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். வாடிக்கையாளரின் கஷ்டத்தையோ கவனக்குறைவையோ வங்கிகள் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்ற காரணமும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

என் பார்வையில் ஏப்ரல் வாசகம்தான் சரியான தீர்வு. பணம் இல்லாதவருக்குச் சேவையைக் குறைக்கலாம், பணத்தைக் குறைப்பது எப்படி நியாயம்? எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். முதல் வரைவில் தேவை தெளிவாக எழுதியிருக்கும். வெளியீட்டுக்கு வரும்போது அதே பக்கத்தில் நாலு நிபந்தனை சேர்ந்து, ஆதார நோக்கம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

நவம்பர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சித்தப்பா கணக்கோடு வைத்துப் பார்ப்போம்.

அறிவிப்பு. எஸ்.எம்.எஸ். போயிருக்கிறது. போன எண், கணக்கு தொடங்கியபோது கொடுத்த பழைய எண். போயிருந்தாலும் வாசகம் ஆங்கிலத்தில். அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது, அதனால் நிபந்தனை நிறைவேறிவிட்டது. சேர்ந்ததா என்பதைச் சுற்றறிக்கை கேட்கவில்லை.

மைனஸ் கூடாது. பாஸ்புக்கில் மைனஸ் இல்லைதான், பூஜ்யம்தான் இருந்தது. ஆனால் 2,028.88 ரூபாய் கடன் வங்கிக் கணினியில் வேறொரு டேபிளில் உட்கார்ந்திருந்தது. இருப்பு என்ற கட்டத்தில் மைனஸ் காட்டாமல் நிலுவை என்ற கட்டத்தில் வைத்தால், கணக்கு மைனஸ் ஆகவில்லை என்று சொல்லிவிடலாமா? எழுத்துப்படி சொல்லலாம். நெல் பணம் வரும் நாளுக்காகக் காத்திருந்து பிடிக்கப்படுகிற தொகையை ஊரில் யாரைக் கேட்டாலும் கடன் என்றுதான் சொல்வார்கள்.

விகிதம். 6 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அது மாதத்துக்கு. வருடத்துக்கு 72 சதவீதம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 85க்கு அருகில். ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் 2017இல் பல வங்கிகளின் அபராதங்களை இப்படி ஆண்டுக் கணக்காக்கிப் பார்த்தபோது சராசரி 78 சதவீதம் வந்தது. தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்ய 2003இல் தனிச் சட்டமே போட்டோம். அங்கேயாவது வட்டி வாங்குகிறவன் முதலில் ஒரு தொகையைக் கையில் கொடுத்திருப்பான். இங்கே சித்தப்பா எதையும் கடனாக வாங்கவில்லை. தன்னிடம் இல்லாத 5,000 ரூபாய்க்கு வட்டி கட்டியிருக்கிறார்.

செலவுக்குப் பொருத்தம். இதுதான் முக்கியமான நிபந்தனை. அந்த 5,000 ரூபாய் இல்லாததால் வங்கிக்கு என்ன நஷ்டம்? சேமிப்புக்கு 3 சதவீதம் வட்டி கொடுத்து, 9 சதவீதத்துக்குக் கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6 சதவீதம், வருடத்துக்கு. 5,000 ரூபாயில் வருட லாபம் 300 ரூபாய். அபராதமும் 300 ரூபாய்தான், ஆனால் மாதத்துக்கு. முழுத் தொகையும் இருந்திருந்தால் ஒரு வருடத்தில் கிடைத்திருக்கக்கூடியதை, இல்லாததால் ஒரே மாதத்தில் எடுத்துவிடுகிறார்கள். அதாவது, குறைந்தபட்ச இருப்பு வைக்கிறவரைவிட வைக்காதவர் வங்கிக்குப் பன்னிரண்டு மடங்கு லாபமான வாடிக்கையாளர்! அப்புறம் அவருடைய பழைய கைபேசி எண்ணைத் திருத்த வங்கிக்கு என்ன அவசரம் இருக்கப்போகிறது?

மாதம் யாருடைய காலண்டர்?

இதுவரை சொன்னது அபராதத்தின் அளவு பற்றி. எனக்கு உறுத்துகிற இன்னொரு விஷயம் அளக்கும் முறை.

புரோகிராமில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தேன். மாதச் சராசரிக்குப் பதில் ஆண்டுச் சராசரி. நெல் பணம் 1,60,000 ரூபாய் கணக்கில் சுமார் 12 நாள் இருக்கிறது என்று வைத்தேன். நகை மீட்கவும், கூலி, வாடகை கொடுக்கவும் எப்படியும் அவ்வளவு நாள் ஆகும். 1,60,000ஐ 12ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 5,260 ரூபாய். வங்கி கேட்டது 5,000. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால், வங்கி கேட்டதைவிடச் சித்தப்பா அதிகமாகவே வைத்திருந்திருக்கிறார். மாதம் மாதமாக நறுக்கிப் பார்த்ததால்தான் அவர் தவறியவர் ஆகிறார்.

மாதம் என்பது சம்பளக்காரனின் காலண்டர். ஒன்றாம் தேதி ஏறும், முப்பதாம் தேதி வடியும். டெல்டாவில் பணம் அப்படி வருவதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, அது ஐப்பசி வாக்கில் பணமாகும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில். ஒரு போகம் மட்டும் செய்கிறவருக்கு வருடத்தில் ஒரே ஒரு வரவு. அந்தப் பணத்தை மாத அளவையால் அளந்தால் பத்து மாதம் குறையத்தான் செய்யும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாத அளவை யாருக்குச் சரியாகப் பொருந்துமோ அவர்களுக்கு இந்த விதி கிடையாது. என்னுடையது சம்பளக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு பூஜ்யம். வீட்டுக்கடன் தவணை போனதும் என் கணக்கில் சில மாதம் முன்னூறு ரூபாய் கூட இருக்காது. யாரும் என்னிடம் 354 ரூபாய் கேட்டதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு விலக்கு, போகத்துக்குப் போகம் பணம் பார்க்கிறவருக்கு மாதக் கணக்கு. திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் எல்லாருமே மாதச் சம்பளக்காரர்கள், அவ்வளவுதான். நாங்கள் எழுதும் மென்பொருளிலும் இதே தப்பைத்தான் செய்கிறோம். நம்மைப் போலவே எல்லாரும் இருப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறோம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு அளவைச் சண்டை புதிதில்லை. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் எந்த மரக்கால் என்பதில்தான் விஷயம். நெல்லாகக் கூலி அளந்த காலத்தில் மரக்கால் சிறுத்தால் கூலியும் சிறுக்கும், எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும். 1940களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலியைக் கூட்டு என்பது வேறு, அளவையை எல்லாருக்கும் தெரிந்ததாக வை என்பது வேறு. இரண்டாவதையும் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. 'மறைமுகக் கட்டணம்' என்று நாம் சொல்வதும் இதைத்தான். கட்டணம் எங்கேயும் ஒளித்து வைக்கப்படவில்லை. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பாஸ்புக் வைத்திருப்பவரால் சரிபார்க்க முடியாத அளவையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வங்கிகள் சொல்லும் நியாயம்

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். கணக்கு நடத்தச் செலவு ஆகும். கிளை, ஊழியர், ஏ.டி.எம்., கணினி எதுவும் இலவசம் இல்லை. 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கி குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அப்போதைய தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா சொன்ன காரணமும் அதுவே. கோடிக்கணக்கான ஜன் தன் கணக்குகளைப் பராமரிக்கும் சுமை இருக்கிறது என்றார்.

ஆனால் நடந்தது என்ன? 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த வங்கி வசூலித்த அபராதம் 1,771 கோடி ரூபாய். அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அதன் நிகர லாபம் 1,581 கோடி. இந்த எண் வெளியே வந்ததும் எழுந்த எதிர்ப்பில் கட்டணத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச் 11 அன்று எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அபராதத்தை அடியோடு எடுத்தார்கள். வங்கி மூழ்கிவிடவில்லை.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட பதில் இன்னும் பெரிய படத்தைக் காட்டியது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018 முதல் வசூலித்தது: குறைந்தபட்ச இருப்பு அபராதம் 21,044 கோடி, கூடுதல் ஏ.டி.எம். பரிவர்த்தனைகளுக்கு 8,289 கோடி, எஸ்.எம்.எஸ். கட்டணம் 6,254 கோடி. மூன்றும் சேர்ந்து 35,500 கோடிக்கு மேல்.

செலவை ஈடுகட்டத்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முன்மாதிரி நம் ஊர் அஞ்சலகத்திலேயே இருக்கிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய். நிதியாண்டின் முடிவில் அது இல்லாவிட்டால் 50 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் கழிப்பார்கள். பணமே தீர்ந்துபோனால் கணக்கு தானாக மூடப்படும். வருடத்துக்கு ஒருமுறை அளவு, ஒரே தொகை, நிலுவை சேர்வதில்லை. யாருக்கும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சித்தப்பா கட்டிய 3,028.88 ரூபாயை இந்த 50 ரூபாயோடு வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எந்த வங்கி?

நிலைமை முன்பைவிட மேல். கனரா வங்கி 2025 ஜூன் 1 முதலும், இந்தியன் வங்கி ஜூலை 7 முதலும் சேமிப்புக் கணக்குகளில் இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. வேறு சில பொதுத்துறை வங்கிகளும் அதே வழியில். ஆனால் அதே ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, நகரங்களில் தொடங்கும் புதிய கணக்குகளுக்குச் சராசரி மாத இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தியது. எதிர்ப்பு வந்ததும் சில நாளில் 15,000க்கு இறக்கியது. இதெல்லாம் வங்கிகள் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டியது என்பதுதான் ரிசர்வ் வங்கி கவர்னர் சொன்ன பதில். அதாவது இன்றைக்கு நீக்கியதை நாளைக்குத் திரும்பக் கொண்டுவரவும் தடை இல்லை. அதனால் பெயர்ப்பட்டியல் கொடுப்பதைவிடக் கேட்க வேண்டிய கேள்விகளைத் தருகிறேன்.

முதல் கேள்வி: இருப்பு குறைந்தால் அபராதம் உண்டா, உண்டென்றால் மாதக் கணக்கா, காலாண்டுக் கணக்கா? விவசாய வருமானக்காரர் இதற்கு 'கிடையாது' என்ற பதில் வருகிற வங்கிக்கே போக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு: வட்டி விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சித்தப்பாவின் ஆண்டுச் சராசரி 5,260 ரூபாய்க்கு 2.5 சதவீதம் என்றால் வருட வட்டி 131 ரூபாய். 4 சதவீதம் என்றால் 210. வித்தியாசம் 79 ரூபாய். ஒரே ஒரு மாத அபராதம் இதைப் போல நாலு மடங்குக்கு மேல்.

மூன்று: அடிப்படைச் சேமிப்புக் கணக்கு கேட்கலாம். 2012 முதல் எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும். குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏ.டி.எம். அட்டை இலவசம், மாதம் நாலு முறை பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: முழு அடையாள, முகவரி ஆவணங்கள் கொடுத்துத் தொடங்குங்கள். ஆவணம் இல்லாமல் தொடங்குவது 'சிறு கணக்கு' வகையில் சேரும். அதில் ஆண்டு வரவு ஒரு லட்சத்தையும் இருப்பு 50,000ஐயும் தாண்டக் கூடாது. நெல் பணம் வந்தால் மாட்டிக்கொள்ளும்.

நாலு: சில்லறைக் கட்டணங்கள். சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையும் வரியும் பிடிக்கலாம். எஸ்.எம்.எஸ். கட்டணத்தை உண்மையில் அனுப்பிய அளவுக்குத்தான் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லியிருக்கிறது. காலாண்டுக்கு ஒரே தொகையாகப் பிடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதையும்.

ஐந்து: பாதுகாப்பு. வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. கட்டணம் குறைவு என்பதற்காக இதற்கு மேல் ஒரே சின்ன வங்கியில் குவிக்க வேண்டாம்.

ஆறு: உங்கள் கைபேசி எண் வங்கியில் சரியாக இருக்கிறதா? இது வங்கியிடம் கேட்கும் கேள்வி இல்லை, நம்மிடமே கேட்டுக்கொள்வது. அறிவிப்பு வரவில்லை என்று பின்னால் வாதாட இதுதான் ஆதாரம், வங்கிக்கும் இதுதான் தப்பிக்கும் வழி.

பயன்படுத்தாமல் கிடக்கிற பழைய கணக்கு இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். செயல்படாத கணக்கு என்று வகைப்படுத்தப்பட்டதில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் போடவே கூடாது. அதை மீண்டும் இயக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது.

சித்தப்பா கணக்கு என்ன ஆயிற்று?

கிளைக்குப் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டம் தானா எடுத்துக்குது ஐயா, எங்க கையில இல்ல" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சிஸ்டம் எதையும் தானாக எடுக்காது. என்னைப் போன்ற யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதைத்தான் எடுக்கும்.

இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டோம். மூன்று கேள்விகள்தான்: அறிவிப்பு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்குப் போனது? மாதம் 300 ரூபாய் என்பது எந்தச் செலவுக்குப் பொருந்துகிறது? இருப்பு பூஜ்யமான பிறகு சேர்ந்த நிலுவை, கணக்கு மைனஸ் ஆகக் கூடாது என்ற விதிக்கு எப்படிப் பொருந்தும்? 30 நாளில் பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, இணையத்திலேயே புகார் பதியலாம், உதவிக்கு 14448 என்ற எண் இருக்கிறது.

இருபத்திரண்டாம் நாள் 2,028.88 ரூபாய் திரும்ப வரவு வைக்கப்பட்டது. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று கடிதம். மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லை. மே முதல் ஆகஸ்ட் வரை போன ஆயிரம் ரூபாயும் வரவில்லை. அந்தக் கேள்விகளை இப்போது குறைதீர்ப்பாளருக்கு அனுப்பியிருக்கிறோம். பணத்துக்காக இல்லை என்று சொன்னால் பொய், ஆயிரம் ரூபாய் ஒரு மூட்டை நெல். ஆனால் பதிலுக்காகவும்தான்.

கணக்கை ஊரிலேயே இருக்கிற ஒரு பொதுத்துறை வங்கிக் கிளைக்கு மாற்றியாயிற்று. மாற்றுகிறவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள்: கொள்முதல் நிலையப் பதிவில் புதிய கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகு பழையதை மூடுங்கள். அரசு உதவித்தொகை ஆதார் வழியாக வருகிறது என்றால் ஆதார் இணைப்பையும் புதிய வங்கிக்கு மாற்றுங்கள்.

கடன் வாங்குகிறவருக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு விகிதமாகச் சொல்லும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024இல் விதித்தது. சேமிக்கிறவருக்கு அப்படி ஒரு தாள் ஏன் இல்லை? 'உங்கள் கணக்கில் பணம் குறைந்தால் நாங்கள் எடுப்பது ஆண்டுக்கு 72 சதவீதம், வரி தனி' என்று முதல் பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள்?

புது பாஸ்புக்கைக் கையில் வாங்கியதும் சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி. "இதுல ஒண்ணும் போடாம வச்சா ஒண்ணும் எடுக்க மாட்டாங்கல்ல?" கிளைப் பெண்ணிடம் கேட்டு, "எடுக்க மாட்டாங்க சித்தப்பா" என்றேன். இந்த வருடம் வரைக்கும் என்பதை மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.